பாஸ்டன் திறந்து பாஸ்டன் மூடிய பள்ளிக்கூடம்: யாழ்ப்பாணப் பயணக் குறிப்புகள்

வெள்ளி, யாழ்ப்பாணம்

யாழ்ப்பாணம் போகிறேன் என்றதும் நண்பர்கள் ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள். நல்லூர், நயினாதீவு, கீரிமலை, கோட்டை, பொது நூலகம். எல்லாம் பார்க்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் வந்தது ஒரு பள்ளிக்கூடத்துக்காக. அது 1855-இல் மூடப்பட்டது.

பெயர் வட்டுக்கோட்டை செமினரி. அமெரிக்க மிஷனரிகள் 1823-இல் தொடங்கிய உறைவிடப் பள்ளி. மதுரை அமெரிக்கன் கல்லூரிப் பக்கம் போனவர்களுக்கு அங்குள்ள நூலகத்தின் பெயர் தெரிந்திருக்கும்: டேனியல் பூர். அந்த மனிதர் மதுரையில் இருந்தது 1830-களின் பிற்பாதியிலும் அதையொட்டிய சில ஆண்டுகளிலும்தான். அதற்கு முன்னால் பன்னிரண்டு ஆண்டுகள் வட்டுக்கோட்டையில் இந்தப் பள்ளியின் தலைவர். மதுரை மிஷன் என்பதே யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனரிகள் 1834-இல் வந்து போட்ட கிளைதான். எங்கள் ஊர்க் கதையின் முதல் அத்தியாயம் கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது என்பது எனக்கு வெகுகாலமாக உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர்: கரோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தார், இருவரும் வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். சென்னையில் அத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்க, அந்த முதல் வரிசை பாக்கு நீரிணையைத் தாண்டி எப்படி வந்தது?

சென்னையில் விமானம் ஏறி யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் இறங்க, மதுரையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிற நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. ஊரில் வெயில் கொளுத்துகிறது. நாளை வட்டுக்கோட்டை.

சனி, வட்டுக்கோட்டை

யாழ்ப்பாண நகரத்திலிருந்து வடமேற்கே, மானிப்பாய் வழியாகக் காரைநகர்ப் பக்கம் போகும் சாலையில் இருக்கிறது வட்டுக்கோட்டை. வயலும் பனையும். அரசியல் படித்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் 1976-இன் தனித் தமிழீழத் தீர்மானம்தான் நினைவுக்கு வரும். ஓட்டோக்காரத் தம்பியும் நான் அதற்காகத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "அது பண்ணாகத்தில அண்ணை, கொஞ்சம் அங்கால போகோணும்" என்று வண்டியைத் திருப்பப் பார்த்தார். பழைய பள்ளிக்கூடம் என்றதும் நேராகக் கொண்டுபோய் யாழ்ப்பாணக் கல்லூரி வாசலில் விட்டார்.

செமினரி இருந்த அதே வளவில்தான் (வளாகத்தை இங்கே வளவு என்பார்கள்) இன்று யாழ்ப்பாணக் கல்லூரி இருக்கிறது. வாசலில் இருந்த காவலர், "எங்கயிருந்து வாறியள்? ஆரைப் பாக்கோணும்?" என்றார். மதுரை என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்கிக் கொடுத்தார். அங்கே இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கூடவே வந்து வளவைச் சுற்றிக் காட்டினார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள், நானும் மாஸ்டர் என்றே கூப்பிட்டேன்.

முதலில் ஓட்லி ஹால். இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சர் ரிச்சர்ட் ஓட்லி செமினரிக்குக் கைகொடுத்தவர். அவர் பெயர் மண்டபத்துக்கு வந்தது. 1820-களில் எழுந்த கட்டடம். பிறகு எத்தனையோ முறை பழுது பார்த்திருப்பார்கள். இருந்தாலும் உள்ளே நுழைந்ததும் வெளி வெயில் சட்டென்று மறந்துபோகிறது. அந்தக் காலத்தில் இது விரிவுரை மண்டபம். யூக்ளிடின் வடிவியல், அட்சரகணிதம், வானியல், பௌதிகம், ஆங்கிலம், விவிலியம் என்று பாடத்திட்டம். தமிழும் உண்டு, நன்னூலும் குறளும் நிகண்டும்.

இவ்வளவையும் இங்கே கொண்டுவந்து கொட்டியவர்கள் யார் என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு மிஷன் சங்கம் அனுப்பிய இளைஞர்கள். 1812-இல் பிரிட்டனோடு மூண்ட போர் முடியும்வரை காத்திருந்து, 1815 அக்டோபரில் கப்பலேறி, அடுத்த ஆண்டு கொழும்பில் இறங்கினார்கள். பிரிட்டிஷ் அரசுக்கு அமெரிக்கர் என்றாலே சந்தேகம். தீவின் வடகோடிக்குப் போங்கள் என்று ஒதுக்கியது. பிறகு பூரும் எட்வர்ட் வாரனும் தெல்லிப்பழையில், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸும் பெஞ்சமின் மெய்க்ஸும் வட்டுக்கோட்டையில். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன, கூரையிழந்த தேவாலயங்கள்தான் அவர்களுக்குக் கிடைத்தன. 1820-இல் இன்னொரு குழு வந்து சேர்ந்தது. அதற்குமேல் அமெரிக்கர் யாரும் வரக்கூடாது என்று அரசு கதவைச் சாத்திவிட்டது. 1830-களில்தான் மறுபடி திறந்தது. கையிலிருந்த ஆட்களை வைத்தே எல்லாவற்றையும் ஓட்ட வேண்டிய நிலை. உள்ளூரில் ஆட்களைத் தயாரித்தே தீர வேண்டும் என்ற அவசரம் அங்கிருந்து வந்ததுதான் என்று எனக்குப் படுகிறது.

1823-இல் அவர்கள் அச்சிட்ட திட்ட அறிக்கை ஒரு கல்லூரிக்கானது. தமிழ் இளைஞர்களுக்கும் பிறருக்கும் இலக்கியமும் சமயமும் கற்பிக்கும் கல்லூரி. ஆனால் அமெரிக்கர் நடத்தும் நிறுவனத்துக்குக் கல்லூரி என்ற பெயரையும் சாசனத்தையும் கொடுக்க அரசு மறுத்துவிட்டது. அதனால்தான் செமினரி. பல்கலைக்கழகத் தரத்துக்குத் திட்டம் போட்டு, வாசலில் மட்டும் சின்னப் பலகை மாட்டிக்கொண்டார்கள்.

இனி விடுதி விஷயம். கிராமங்களில் இவர்கள் நடத்திய பகல் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் வந்தார்கள், படித்தார்கள், மாலையில் வீட்டுக்குப் போனார்கள். பகலில் படித்த விவிலியத்தை இரவில் பாட்டி சொன்ன கந்தபுராணம் கழுவிவிட்டது. மிஷனரிகளுக்கு அது ஆகவில்லை. பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து, ஆண்டுக்கணக்கில் தங்கள் வளவிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே தெல்லிப்பழை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் ஆகிய இடங்களில் இருந்த சிறு விடுதிப் பள்ளிகளில் தேறியவர்களை வட்டுக்கோட்டைக்குத் திரட்டினார்கள்.

பெற்றோர் சும்மா அனுப்பிவிடவில்லை. மிஷன் வளவுக்குள் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்றார்கள். சாதி கெட்டுவிடும். ஆரம்ப ஆண்டுகளில் இதற்குக் கண்ட வழி: வளவுக்கு வெளியே, பக்கத்தில் ஒரு சைவரின் காணியில் சமையற்கூடம். படிப்பும் படுக்கையும் வேலிக்கு இந்தப் பக்கம், சோறு அந்தப் பக்கம். மாஸ்டர் இதைச் சொன்னபோது சிரித்தார். நான் சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்தேன். அமெரிக்காவிலிருந்து ஆன்மாக்களைத் தேடி வந்தவர்களும், அந்த ஆங்கிலம் நமக்கு வேண்டும் ஆனால் தண்ணீர்கூட வேண்டாம் என்ற வேளாளத் தந்தைமாரும் ஒரு வேலியை நடுவில் வைத்துப் பேரம் பேசியிருக்கிறார்கள். செமினரியின் முழு வரலாறும் இந்த வேலியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பேரத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். அந்த வளவில் சேர்க்கை பெரும்பாலும் உயர்சாதிப் பிள்ளைகளுக்கே வாய்த்தது என்பதை யாழ்ப்பாணத்துக்காரர்களே மறைப்பதில்லை.

மாலை அராலிப் பக்கம் போனேன். பார்ப்பதற்கென்று அங்கே எதுவும் இல்லை, கதைக்காகத்தான். அராலி விசுவநாத சாத்திரியார் பஞ்சாங்கம் கணிப்பவர், பெரும் மதிப்புள்ளவர். 1829 மார்ச் மாதத்தில் சந்திர கிரகணம் வந்தது. எப்போது பிடிக்கும், எவ்வளவு நேரம் நீடிக்கும், நிலவில் எவ்வளவு மறையும் என்று பஞ்சாங்கம் சொன்னதும் பூர் ஐரோப்பிய முறையில் கணக்கிட்டதும் ஒத்துப்போகவில்லை. பூர் அதை ஊரறியச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அன்றிரவு நிலா பூர் பக்கம் சாட்சி சொன்னது. பஞ்சாங்கத்தில் பிழை இருந்தால் புராணத்திலும் பிழை இருக்கும், அப்புறம் சமயத்திலும் இருக்கும் என்று மாணவர்கள் படிப்படியாக இறங்கி வருவார்கள் என்பது அவர் எதிர்பார்ப்பு.

மாணவர்கள் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நான் தங்கியிருக்கும் வீட்டுச் சுவரில் இராகு காலத்தோடு நாட்காட்டி தொங்குகிறது.

ஞாயிறு, மறுபடி வட்டுக்கோட்டை

காலை ஆராதனை நேரத்தில் தேவாலயம் திறந்திருக்கும் என்று மாஸ்டர் சொல்லியிருந்ததால் மறுபடி வந்தேன். போர்த்துக்கேயர் காலத்தில் தோன்றி, 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் திருத்திக் கட்டி, 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர் கூரை போட்டு எடுத்துக்கொண்டது. இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்குப் பேராலயம். 1947-இல் அந்த ஆதீனம் அமைந்தபோது முதல் பேராயரானவர் சபாபதி குலேந்திரன். தமிழ் விவிலியத்தின் வரலாற்றை ஆராய்ந்தவர்.

சுவரின் கனம் என் கை நீளத்துக்கு மேல் இருக்கும். வெளிப்புறத்தில் ஓரிடத்தில் சாந்து பெயர்ந்து கல் தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் கல் இல்லை, பவளப்பாறை. சின்னச் சின்ன நட்சத்திரங்களாக அடுக்கடுக்கான துளைகள், சிலவற்றில் மண் அடைத்து, ஒன்றில் ஒரு எறும்பு போய்வந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் கருங்கல் கிடையாது. கடலிலிருந்து வந்த இந்தக் கல்லையும், அதையே சுட்டு எடுத்த சுண்ணாம்பையும் வைத்துத்தான் கோட்டை முதல் கோயில் வரை.

ஆராதனை முழுக்கத் தமிழில். எனக்கு முன்வரிசையில் இருந்த பாட்டியம்மா என் கையில் பாட்டுப் புத்தகம் இல்லாததைப் பார்த்துத் தன்னுடையதை நீட்டினார். புத்தகம் பார்க்காமலே பாட்டெல்லாம் பாடமாம் அவருக்கு.

வெளியே வந்தபோது கல்லறைகளிலும் நினைவுக் கற்களிலும் பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தேன். இந்தப் பெயர்கள் ஒரு தனிக் கதை. விடுதியில் ஒரு பையனின் ஆண்டுச் செலவை அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் ஒரு குடும்பமோ சபையோ ஏற்கும். ஏற்றவர்கள் பெயரும் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள்: செத்துப்போன பாதிரியாரின் பெயர், தங்கள் மகனின் பெயர், தங்கள் பெயரே. அப்படித்தான் யாழ்ப்பாணத்துப் பையன்கள் கரோல் ஆனார்கள், அர்னால்ட் ஆனார்கள், நெவின்ஸ் ஆனார்கள். தாமோதரம்பிள்ளைக்கும் கிங்ஸ்பரி என்று ஒரு பெயர் இருந்தது. அவர் மகன் பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரிலேயே தமிழறிஞராக அறியப்பட்டார். பாஸ்டன் பக்கத்தில் ஒரு அம்மா தன் பிள்ளையின் பெயரில் ஒரு தமிழ்ப் பையன் படிக்கிறான் என்று நினைத்து ஆண்டுதோறும் காசு அனுப்பியிருப்பார். இங்கே அந்தப் பையனை வீட்டில் யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

இதை வெறும் பெயர் திருட்டு என்று சொல்லிவிட்டுப் போகலாம். முதலில் எனக்கும் அப்படித்தான் கோபம் வந்தது. ஆனால் அந்தப் பையன்கள் வளர்ந்த பிறகு என்ன செய்தார்கள் பாருங்கள். பெயரை உதறவில்லை. கரோல் விசுவநாதபிள்ளை, அர்னால்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று இரண்டையும் சேர்த்தே போட்டுக்கொண்டார்கள். ஊரில் ஒரு கதவுக்கு ஒன்று, கச்சேரியில், அதாவது அரசு அலுவலகத்தில், ஒரு கதவுக்கு இன்னொன்று.

திங்கள், தெல்லிப்பழை, உடுவில்

பஸ்ஸில் காங்கேசன்துறைச் சாலை வழியாகத் தெல்லிப்பழை. மண் சிவந்துகொண்டே வருகிறது. தோட்டங்களில் வெங்காயமும் புகையிலையும். பூரின் முதல் பள்ளி இங்கேதான் 1816-இல் தொடங்கியது. போர்க்காலத்தில் 1990-க்குப் பிறகு இந்தப் பக்கத்து மக்கள் இடம்பெயர்ந்து, ஆண்டுகள் கழித்துத் திரும்பிய ஊர். பழையதைத் தேடுவதற்குரிய இடமாக எனக்குத் தோன்றவில்லை. சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

உடுவிலில் பெண்கள் கல்லூரி. 1824-இல் ஹேரியட் வின்ஸ்லோ தொடங்கிய பெண்கள் உறைவிடப் பள்ளி, இன்றும் நடக்கிறது. ஆசியாவில் பெண்களுக்கான மிகப் பழைய விடுதிப் பள்ளிகளில் ஒன்று. பள்ளி நேரம் என்பதால் வாசலோடு சரி. வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாகப் பிள்ளைகள்.

உடுவில் இல்லாமல் வட்டுக்கோட்டையின் கதை பாதிதான். செமினரியில் படித்துக் கிறிஸ்தவனான பையன் சொந்தத்தில் பெண் எடுத்தால் ஆறு மாதத்தில் பழையபடி கோயிலில் நிற்பான். அவனுக்கு ஏற்ற பெண்ணைத் தாங்களே வளர்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது என்றால் சீதனம் வேண்டும். மிஷன் அதையும் செய்தது. விடுதியில் படித்து முடித்துக் கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்ட பெண்களுக்குச் சீதனம் மிஷன் செலவில்! எதிர்த்துப் பிரசங்கம் செய்ய வந்தவர்களை ஊர் எப்படி வழிக்குக் கொண்டுவந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

எலைசா அக்னியூ என்ற ஆசிரியை 1840-இல் வந்து, 1883-இல் இறக்கும்வரை ஒருமுறைகூட அமெரிக்காவுக்குத் திரும்பவில்லை. உடுவிலில் அவரிடம் படித்தவர்களின் பேத்திகளும் அவரிடம் படித்தார்களாம்.

செவ்வாய், மானிப்பாய்

இன்று அதிகம் நடந்தேன், அதிகம் எழுதவும் இருக்கிறது.

மானிப்பாய் அமெரிக்கர்களின் அச்சுக்கூடம் இருந்த ஊர். 1834 முதல் இங்கே அச்சு. 1841 ஜனவரியில் உதயதாரகை என்ற இருமொழி இதழ் வெளிவரத் தொடங்கியது. ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம், இருவரும் செமினரியில் படித்த தமிழர்கள். 1842-இல் மானிப்பாய் அகராதி. மைரன் வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதி பின்னர் 1862-இல் சென்னையில் அச்சானபோது அதில் 67,000-க்கு மேற்பட்ட சொற்கள். அந்த உழைப்பின் வேரும் இந்தத் தீபகற்பத்தில்தான்.

ஊரின் நடுவில் கிரீன் நினைவு மருத்துவமனை. சாமுவேல் பிஸ்க் கிரீன் 1847-இல் வந்து, மறு ஆண்டு மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில், அப்புறம் தமிழில். உடற்கூறியல், அறுவை, வேதியியல் எல்லாம் தமிழில் நூல்களாக வந்தன: அங்காதிபாதம், இரண வைத்தியம், கெமிஸ்தம். மொழிபெயர்ப்பில் கைகொடுத்தவர்கள் செமினரியின் பழைய மாணவர்கள். அமெரிக்காவில் வூஸ்டரில் இருக்கும் அவர் கல்லறையில் தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்றே பொறித்திருக்கிறார்கள். வாசலில் இருந்த கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே அந்தக் கட்டடத்தைப் பார்த்தேன். அறுவை சிகிச்சையைத் தமிழில் படித்துவிட்டு இந்தச் சாலையில் சைக்கிள்கூட இல்லாத காலத்தில் நடந்து போயிருப்பார்கள்.

இனி மூடிய கதை.

1836-இலிருந்து ஹென்றி ஹொய்சிங்டன் செமினரித் தலைவர். அவர் காலம் செமினரியின் உச்சம். உள்ளமுடையான் என்ற தமிழ்ச் சோதிட நூலை அடிப்படையாக வைத்து இந்திய வானியலைப் பற்றி 1848-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். நாடு திரும்பிய பின் சைவ சித்தாந்த நூல்களான சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854-இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் ஆய்விதழில் அச்சேற்றினார். பூர் கிரகணத்தைக் காட்டி இடிக்கப் பார்த்ததை அவருக்கு அடுத்து வந்தவர் உட்கார்ந்து படித்து மொழிபெயர்த்திருக்கிறார். இந்த ஒரு தகவலுக்காகவே ஹொய்சிங்டனை எனக்குப் பிடிக்கும். 1840-களின் இறுதியில் இலங்கையின் காலனியச் செயலாளர் எமர்சன் டெனன்ட் செமினரியைப் பார்த்துவிட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத் தகுந்தது என்று எழுதினார்.

பிரச்சினை என்னவென்றால், அந்தப் புகழைத்தான் பாஸ்டன் விரும்பவில்லை. செமினரி நடப்பது அமெரிக்கச் சபைகளின் காணிக்கையில். காணிக்கை போட்டது கிராமங்களில் மதம் போதிக்கும் உபதேசிகளை உருவாக்க. வெளியே வந்த பையன்களோ நில அளவைக்குப் போனார்கள், கச்சேரிக்குப் போனார்கள், மொழிபெயர்ப்பாளரானார்கள், கடல் தாண்டிச் சென்னை மாகாணத்திலும் உத்தியோகம் பார்த்தார்கள். உபதேசி சம்பளம் எங்கே, அரசாங்கச் சம்பளம் எங்கே. நன்றாக ஆங்கிலம் படித்தவனைக் கிராமத்தில் உட்காரச் சொன்னால் உட்காருவானா? 1837-இல் அமெரிக்காவில் நிதி நெருக்கடி வந்தபோதே இங்கே கிராமப் பள்ளிகள் பல மூடப்பட்டிருந்தன. ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

1855-இல் பாஸ்டன் மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் தோழர் ஒருவரோடு நேரில் வந்தார். ஆங்கிலவழிக் கல்வி வேண்டாம், கிராமத்துக்குக் கிராமத்தின் மொழியில் படித்த உபதேசிகள் போதும் என்பது அவர் முடிவு. அந்த ஆண்டே செமினரி மூடப்பட்டது. பூர் அதைப் பார்க்கவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் இந்த மானிப்பாயில் வாந்திபேதியில் இறந்துபோனார்.

ஆண்டர்சனை வில்லனாக்குவது சுலபம். யாழ்ப்பாணத்தில் பலர் இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. தாய்மொழியில் படி என்று பாஸ்டன்காரர் சொல்கிறார். இல்லை, எங்கள் பிள்ளைக்கு ஆங்கிலம்தான் வேண்டும் என்று தமிழ்த் தந்தை நிற்கிறார். கொள்கையளவில் ஆண்டர்சன் சொன்னதைத்தான் கிரீன் மருத்துவத்தில் செய்து காட்டினார். நானும் தமிழ்வழியில் படித்தவன்தான். ஆனால் ஆண்டர்சன் கவனித்தது மொழியை அல்ல, ஆளை எங்கே நிறுத்துவது என்பதை. தமிழில் படித்தவன் ஊரைவிட்டு நகரமாட்டான் என்பது அவர் கணக்கு. நகரவிடாமல் வைக்கிற கல்வி எந்த மொழியில் இருந்தால் என்ன?

ஆங்கிலம் படித்து ஊரைவிட்டுப் போனவர்களில் ஒருவர் செய்த வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாமோதரம்பிள்ளை சென்னையில் அரசு வேலையும், பின்னால் வக்கீல் தொழிலும், புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவியும் பார்த்துக்கொண்டே பழைய தமிழ் நூல்களின் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தார். வீரசோழியம், இறையனார் அகப்பொருள், 1887-இல் கலித்தொகை, அடுத்து சூளாமணி. செல்லரித்த ஓலைகளைத் தொட்டால் ஒடிகிறது, கயிற்றை அவிழ்த்தால் இதழ் முரிகிறது என்று தம் பதிப்புரையில் அவர் புலம்பியதைப் பதிப்பு வரலாறு படிக்கிற எல்லோரும் அறிவார்கள். அவரும் கரோலும் பின்னாளில் சைவத்துக்கே திரும்பிவிட்டார்கள். பாஸ்டன் கணக்குப் புத்தகத்தில் இருவரும் நட்டக் கணக்கு.

புதன், வண்ணார்பண்ணை

மதியம் விமானம் பிடிக்க வேண்டும். காலையிலேயே வண்ணார்பண்ணை போய்விட்டேன். ஆறுமுக நாவலர் 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய இடம். நாவலர் செமினரியில் படித்தவர் அல்லர். யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்ட் மிஷனரி பீட்டர் பெர்சிவலிடம் படித்து, அவரிடமே விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர். மிஷனரிகளின் ஆயுதங்கள் அத்தனையையும் கிட்டத்தில் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்: வகுப்பு பிரித்த பள்ளி, அச்சுக்கூடம், பாலபாடம், வாராவாரம் பிரசங்கம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. 1890-இல் இந்து உயர்பள்ளியாகத் தொடங்கியது. ஆனால் அதன் ஆரம்பம் 1887-இல் ஒருவர் சொந்தமாகத் திறந்த ஆங்கிலப் பள்ளி. அதைத்தான் சைவ பரிபாலன சபை எடுத்துக்கொண்டது. திறந்தவர் பெயர் வில்லியம் நெவின்ஸ் முத்துக்குமாரு சிதம்பரப்பிள்ளை. வட்டுக்கோட்டை செமினரி மாணவர், பிறகு அங்கேயே ஆசிரியர், தமிழில் தருக்க நூல் எழுதியவர். மாணவர்கள் காலை இடைவேளையில் வெளியே வரும்வரை எதிரில் நின்று பார்த்தேன். ஒரு பையன் நண்பனிடம் ஏதோ ஆங்கிலப் பாடத்தைப் பற்றிச் சலித்துக்கொண்டே போனான்.

வட்டுக்கோட்டையிலும் இடம் காலியாகவே கிடக்கவில்லை. 1859-இல் அங்கே தமிழ்வழியில் உபதேசிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சிப் பள்ளி வந்தது. ஆனால் பழைய மாணவர்கள் ஆங்கிலக் கல்லூரி வேண்டும் என்று விடாமல் கேட்டு, தாங்களே பணமும் திரட்டி, 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரியைத் திறக்கவைத்தார்கள். முதல் தலைவர் ஹேஸ்டிங்ஸ், மூடிய செமினரியின் கடைசிக் காலத்தில் அங்கே பணியாற்றியவர். அர்னால்ட் சதாசிவம்பிள்ளை அங்கே தமிழ் கற்பித்தார். 1886-இல் பாவலர் சரித்திர தீபகத்தை மானிப்பாய் அச்சில் கொண்டுவந்தார். 1823-இல் மறுக்கப்பட்ட கல்லூரி என்ற பெயர் இந்த முறை பலகையில் ஏறியது.

போக நினைப்பவர்களுக்கு ஓரிரு விஷயம். வட்டுக்கோட்டைக்கு யாழ்ப்பாண பஸ் நிலையத்திலிருந்து நேரடி பஸ் உண்டு, ஓட்டோ தேவையே இல்லை. ஓட்லி ஹால் பள்ளி வளவுக்குள் இருப்பதால் முதலில் அலுவலகத்தில் கேட்டுவிட்டு நுழையுங்கள். பாடம் நடக்கும் நேரத்தில் போனால் காத்திருக்க நேரும். தேவாலயத்தை உள்ளே பார்க்க ஞாயிறு காலைதான் வசதி. மானிப்பாய்க்குத் தனியாக அரை நாள் ஒதுக்குங்கள், வட்டுக்கோட்டை போகும் வழியில் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஒன்றும் பார்க்க முடியாது.